ஒன்றரை மில்லிமீட்டர் திருகாணி

தோட்டின் திருகாணி தொலைந்துபோன வீட்டைப் பார்த்திருப்பீர்கள். குளியலறைத் தரையில் ஒருவர் டார்ச் அடிப்பார். 'யாரும் பெருக்காதீங்க' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். சாக்கடைச் சல்லடையைக் கழற்றி, மெத்தையை உதறி, கடைசியில் பார்த்தால் அது தலையணை உறைக்குள் கிடக்கும். சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்தால் பாதி இடத்தைக்கூட அடைக்காத சாமான்.

கைவிரல் எலும்பு முறிந்தால் மருத்துவர்கள் முடுக்குகிற திருகாணியும் அதே வம்சம்தான். மரையின் மேடுகளையும் சேர்த்து அளந்தால் குறுக்களவு 1.5 மி.மீ., நீளம் பத்துப் பன்னிரண்டு மி.மீ. உடைந்த துண்டு சிறிதாக இருந்தால் 1.3 அல்லது 1.0, உள்ளங்கை எலும்பு என்றால் 2.0 அல்லது அதைவிடச் சற்றுப் பெரியது. தொடை எலும்புக்குப் போடும் 4.5 மி.மீ. ஆணியைப் பக்கத்தில் வைத்தால் இது சொப்புச் சாமான்போலத் தெரியும். டைட்டானியத்தில் செய்வார்கள், அல்லது காந்தத்தில் ஒட்டாத வகைத் துருப்பிடிக்காத எஃகில். டைட்டானியமும் காந்தத்துக்கு மசியாது. அதனால் ஆபரேஷன் தியேட்டர் தரையில் ஒன்று விழுந்துவிட்டால், நர்ஸ் குனிந்து கண்ணால்தான் தேடியாக வேண்டும். கிடைத்தாலும் நோயாளிக்குப் போட மாட்டார்கள். கணக்கு ஒப்படைக்க வேண்டுமே, அதற்காகத் தேடுவார்கள்.

இந்த ஆணி எதற்கு? எலும்பை ஒட்டவைக்க என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். ஆனால் எலும்பு யார் தயவும் இல்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைச் சொல்லி நம் ஊரெங்கும் கட்டு வைத்தியசாலைகள் இத்தனை காலம் நடப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் மாவுக்கட்டுப் போட்டாலும் ஒட்டுகிற வேலையை எலும்புதான் செய்கிறது.

என் சித்தப்பாவுக்கும் நன்றாக ஒட்டியது. கபடியில் வலது மோதிர விரல் உடைந்து, தெரிந்தவர் ஒருவர் கட்டுப்போட்டு, ஒரு மாதத்தில் வலியெல்லாம் போய்விட்டது. விரலை நீட்டி வைத்தால் ஒரு குறையும் தெரியாது. சாப்பிட உட்காரும்போதுதான் விஷயம் வெளியாகும். சோற்றை அள்ள விரல்களைக் குவித்தால் மோதிர விரல் போய்ச் சுண்டுவிரல் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் விழுந்த சந்து வழியாக ரசம் முழங்கை வரை போகும். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார எங்களுக்குள் போட்டி நடக்கும், வேடிக்கை பார்க்க. உடைந்த முன்துண்டு கொஞ்சம் திரும்பிய நிலையில் ஒட்டிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? கை அறுவைப் பாடநூல்களில் ஒரு கணக்கு வரும்: முறிந்த இடத்தில் 5 டிகிரி திரும்பினால், விரலை மடக்கும்போது நுனி ஒன்றரை சென்டிமீட்டர் வரை பக்கத்து விரல்மேல் ஏறும். கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதே 6 டிகிரி. அதையும்விடக் குறைவான பிசகு போதும், ஒரு மனிதருக்கு ஆயுசுக்கும் ரசம் வழிய. உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் மடக்கிப் பாருங்கள். நேராக இறங்குவதில்லை, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு மடிப்பை ஒட்டி ஒரு சின்ன மேடு தட்டுப்படுகிறதே, எல்லாம் அதை நோக்கியே சாய்கின்றன. அந்த மேட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அது ஒரு தனிக் கதை.

கோணல் ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை இறுகிப்போவது. ஒரு கையில் 27 எலும்புகள், அதில் 14 விரல்களில். விரலுக்குள் தசை கிடையாது. அதை ஆட்டும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு, பொம்மலாட்டக்காரர்போல நாண்களால் இழுக்கின்றன. மடக்கும் நாண்கள் இரண்டு, உள்ளங்கைப் பக்கமாக ஒரு குறுகிய சுரங்கத்துக்குள் ஓடுகின்றன. நீட்டும் நாண் மறுபக்கம் எலும்பின்மேல் மெல்லிய துணியாகப் படர்ந்திருக்கிறது. இவை எலும்பை உரசிக்கொண்டே வழுக்கிப் போய்வர வேண்டும். இடையில் சதையோ கொழுப்போ பெரிதாக இல்லை. எலும்பு உடைந்தால் ரத்தம் கசிந்து உறைகிறது, அந்த உறைவிலிருந்து ஒட்டுத் திசு வளர்கிறது. எலும்பை ஒட்டும் அதே பசை, சும்மா கிடக்கும் நாணையும் எலும்போடு சேர்த்து ஒட்டிவிடும்.

மூட்டுகளும் சும்மா இருப்பதில்லை. கை முட்டியாகப் புடைக்கிற அந்த மூட்டுகளின் இரு பக்கமும் உள்ள பிணைநார்கள், மடக்கினால் இழுபட்டு நிற்கும், நீட்டினால் தளரும். விரலை நேராக நீட்டிக் கட்டினால் தளர்ந்த நிலையிலேயே அவை சுருங்கிவிடும். பிறகு மடக்க நீளம் போதாது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முட்டியை மடக்கி, விரல்களை நீட்டி, குழந்தைகள் கையால் பாம்பு காட்டுவார்களே, அந்த மாதிரி வைத்துக் கட்டுவார்கள். மருத்துவமனை வாசலில் யாராவது பாம்புக் கையோடு நின்றால், கட்டியவருக்கு வேலை தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிக் கட்டினாலும் நாண் ஒட்டும் ஆபத்து போய்விடுவதில்லை. எலும்பு ஒட்ட மூன்று நான்கு வாரம் அசையாமல் இருக்க வேண்டும். விரல் பிழைக்க அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒன்றரை மில்லிமீட்டர் ஆணி நுழைகிறது. ஒட்டுகிற வேலையை எலும்பு பார்த்துக்கொள்ளட்டும், அதுவரை துண்டுகள் நகராமல் நான் பிடித்துக்கொள்கிறேன், நீ விரலை ஆட்டு என்கிறது.

நான் அருகிலிருந்து பார்த்த ஓர் அறுவையைச் சொல்கிறேன். நோயாளி பஸ் கண்டக்டர். டிரைவர் சட்டென்று பிரேக் போட, பிடித்திருந்த கம்பியில் இடது மோதிர விரல் மாட்டி முறுக்கிக்கொண்டது. கரும்பை முறுக்கி ஒடித்தால் எப்படி நீளச் சரிவாகப் பிளக்குமோ, அப்படி விரலின் அடி எலும்பு பிளந்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவருக்கு அந்த நீளச் சரிவில் திருப்தி. முறிவின் நீளம் எலும்பின் அகலத்தைப்போல இரண்டு மடங்காவது இருந்தால் வெறும் ஆணிகளே போதும். குறைந்தால் ஆணியோடு தகடும் வைக்க வேண்டும். விரலில் தகடு என்பது சட்டைப்பையில் செங்கல் மாதிரி. மேலே ஓடும் நாண் அதில் உரசும், ஒட்டும்.

கண்டக்டர் விழித்திருந்தார். கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஊசி, அதோடு துளி அட்ரினலின். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பதால் கையை இறுக்கிக் கட்டும் பட்டை தேவையில்லை. ஊசி போட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள், விரல் வெளுக்கும் வரை.

விரலில் அட்ரினலின் போடவே கூடாது, விரல் அழுகிவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தந்த பாடம். 1948-இல் லிக்னோகைன் வருவதற்கு முன்பு விரல்கள் அழுகியதும் உண்மைதான். ஆனால் அந்தக் கால மரப்பு மருந்தான புரோக்கைன், பாட்டிலில் நாள்பட்டால் அமிலமாக மாறும். பழி அதன்மேல்தான் விழுந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தோண்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கனடாவின் டொனால்ட் லலோண்டும் அவரோடு சேர்ந்தவர்களும், கையிலும் விரல்களிலும் அட்ரினலின் போட்ட 3,110 பேரின் கணக்கை 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு விரல்கூட அழுகவில்லை. ஐம்பது வருஷப் பயம் ஒரு கணக்குப் புத்தகத்தில் கரைந்தது.

விழித்திருக்கும் நோயாளியால் என்ன லாபம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. விரலின் பின்புறத்தில் மூன்று சென்டிமீட்டர் கீறல். நீட்டும் நாணின் துணியை நடுவில் பிரித்து ஒதுக்கியதும் எலும்பு தெரிந்தது, தேங்காய்க் கீற்றின் வெள்ளையில். துண்டுகளைப் பொருத்தி நுனி கூரான ஒரு சிறு கிடுக்கியால் கவ்விக்கொண்டு, மருத்துவர் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பஸ்ல நோட்டை மடிச்சு விரல் இடுக்குல பிடிப்பீங்கல்ல? அந்த மாதிரி விரலை மடக்குங்க."

"கையில நோட்டு இல்லையே சார்."

"இருக்குன்னு நெனச்சுக்குங்க."

விரல் மடங்கியது. நகம் ஒரு மயிரிழை சுண்டுவிரல் பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. எனக்கு இருந்த மாதிரிதான். மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை. கிடுக்கியைத் தளர்த்தி, துண்டை அரிசி மணி அகலம்கூட இல்லாமல் திருப்பி, மறுபடி கவ்வி, மறுபடி மடக்கச் சொன்னார். இம்முறை நான்கு நகங்களும் ஒரே திசை பார்த்தன. முழு மயக்கத்தில் இருக்கும் விரலிடம் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்க முடியாது. என் சித்தப்பாவின் விரலுக்கு ஒரு தடவை இந்தச் சோதனை நடந்திருந்தால் எங்கள் பந்தி வேடிக்கை போயிருக்கும்.

பிறகு துளை. இதில் உள்ள சூட்சுமம் தச்சாசாரிக்குத் தெரிந்ததுதான். இரண்டு பலகைகளைத் திருகாணியால் இறுக்க வேண்டுமென்றால், மேல்பலகையில் ஆணி வழுக்கிப் போகும்படி பெரிய துளை போட வேண்டும். கீழ்ப்பலகையில் மட்டும் மரை கடிக்க வேண்டும். இரண்டிலும் மரை கடித்தால் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே நின்றுவிடும். எலும்பிலும் அதேதான்: கிட்டச் சுவரில் 1.5 மி.மீ. துளை, எட்டச் சுவரில் 1.1 மி.மீ. துளை. ஆணியைத் திருப்பினால் அதன் தலை கிட்டத் துண்டை அழுத்த, மரை எட்டத் துண்டை இழுக்க, இரண்டும் நெருங்கி ஒன்றை ஒன்று கடித்துக்கொள்கின்றன. உருளையில் சுற்றிய சாய்தளம்தான் திருகாணி என்று பள்ளியில் படித்திருப்போம். திருப்புளியில் இரண்டே விரல்கள் கொடுக்கும் முறுக்கு, அந்தச் சரிவில் ஏறி எலும்புக்குள் பல மடங்கு இழுவையாக மாறுகிறது.

இரண்டே விரல்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. மருத்துவர் திருப்புளியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டுமே பிடித்திருந்தார். முழுக்கையால் முறுக்கினால் எலும்பில் வெட்டிய மரை பிய்ந்துவிடும். அப்புறம் அதே துளையில் 2.0 ஆணியைப் போட்டுப் பார்க்கலாம், இடம் இருந்தால். உடைந்த துண்டின் அகலம் ஆணியின் குறுக்களவைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுவிதி. இல்லையென்றால் ஆணியே துண்டைப் பிளந்துவிடும். நீளமும் விளையாட்டில்லை. மெல்லிய கொக்கி ஒன்றைத் துளைக்குள் விட்டு ஆழம் அளந்தார்கள். ஒரு மி.மீ. அதிகமாக எட்டச் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அந்த முனை மடக்கும் நாணை அரம்போல அராவும். மூன்று ஆணிகள் போட்டார். டிரில் சுடாமல் இருக்க நர்ஸ் உப்புநீரைச் சொட்டிக்கொண்டே இருந்தார்.

இப்படி அழுத்திப் பிடித்த எலும்பு, நாம் அறிந்த விதத்தில் ஒட்டுவதில்லை. வழக்கமாக முறிவைச் சுற்றி ஒரு புடைப்பு வளரும். வெல்டிங் அடித்த குழாய்போல எக்ஸ்ரேயில் தெரியும். பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ், தகடும் ஆணியும் வைத்து இறுக்கிய எலும்புகளில் அந்தப் புடைப்பே வராமல் முறிவுக்கோடு மெல்ல மறைவதைக் கவனித்து 1949-இல் எழுதினார். இடைவெளியும் அசைவும் ஏறக்குறைய இல்லாதபோது, எலும்பைத் தின்னும் செல்கள் கோட்டைக் குறுக்கே குடைந்துகொண்டு போக, பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் அந்தச் சுரங்கத்தைப் பூசிக்கொண்டு வருகின்றன. வயதான எலும்பைப் புதுப்பிக்க உடம்பு தினமும் பார்க்கிற பராமரிப்பு வேலைதான் இது. நடுவில் ஒரு முறிவு இருக்கிறது என்பதே அவற்றுக்குத் தெரியாததுபோல. டானிஸின் எழுத்தால் ஈர்க்கப்பட்ட மௌரிஸ் முல்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1958-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் தொடங்கிய குழுதான், இன்று தியேட்டர்களில் காணும் திருகாணி வரிசைகளுக்கு அளவும் ஒழுங்கும் கொண்டுவந்தது. அவர்களுக்கும் முன்னால், ஆன்ட்வெர்ப்பில் ஆல்பின் லம்பாட் என்றொருவர் தன் ஆணிகளையும் கருவிகளையும் தானே வடிவமைத்து எலும்புகளை முடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்ந்த நேரத்தில் வயலின் செய்வார். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது மணிக்கட்டின் அந்த மேட்டுக்கு வருவோம். அது படகெலும்பின் ஒரு முனை. கிரேக்கத்தில் படகு என்ற சொல்லிலிருந்தே ஸ்கேஃபாய்டு என்று பெயர் வைத்தார்கள். முந்திரிப் பருப்பு அளவில் வளைந்து கிடக்கும். இருசக்கர வண்டியிலிருந்து விழும்போது கையை ஊன்றுகிறோமே, அப்போது இளைஞர்களுக்கு அடிக்கடி முறிவது இந்தப் படகெலும்பு. பெரிதாக வீங்காது. முதல்நாள் எக்ஸ்ரேயில் கோடே தெரியாமலும் போகும். 'சுளுக்குதான்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்கள் உண்டு. கட்டைவிரலை விறைத்து நீட்டினால் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழும்; அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய இடம், உடற்கூறியலிலும் அதற்கு மூக்குப்பொடிப் பள்ளம் என்றே பெயர். விழுந்த பிறகு அங்கே அழுத்தினால் வலிக்கிறதென்றால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் கட்டுப்போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ.

இந்த எலும்பின் சாபம் அதன் ரத்த ஓட்டம். ரத்தக் குழாய் பெரும்பாலும் விரல்பக்க முனை வழியாக நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது, கடைமடைக்குப் போகும் வாய்க்கால்போல. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்குத் தண்ணீர் நின்றுவிடும். அதனால் ஒட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். சில நேரம் ஒட்டவே ஒட்டாது, துண்டு செத்தும் போகும். ஆணி போட்டு இறுக்கலாமே என்றால் இன்னொரு முட்டுக்கட்டை. படகெலும்பின் மேற்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு வழுவழுப்பான குருத்தெலும்பு, பக்கத்து எலும்புகளோடு உரசும் இடம். ஆணியின் தலை எங்கே உட்கார்ந்தாலும் எதிரில் உள்ளதைத் தேய்த்துவிடும்.

தலையையே வெட்டிவிட்டால்? தலையில்லாத ஆணி எதைப் பிடித்துக்கொண்டு அழுத்தும்? ஆஸ்திரேலியாவில் டிமோதி ஹெர்பர்ட் கண்ட விடையை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது, அவ்வளவு எளிது. ஆணியின் இரண்டு முனையிலும் மரை, நடுவில் வழுவழுப்பு. முன்மரையின் இடைவெளி அகலம், பின்மரையின் இடைவெளி நெருக்கம். முன்னது ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ., பின்னது 1 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரையும் ஆளுக்கொரு துண்டைக் கடித்த பிறகு, ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டத் துண்டு கால் மில்லிமீட்டர் கிட்ட வந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. ஆணி முழுக்க எலும்புக்குள் புதைந்துவிடும். ஹெர்பர்ட்டும் ஃபிஷரும் 1984-இல் இதை வெளியிட்டார்கள். பிற்பாடு வந்த ஆணிகளில் நடுவே ஊசித்துளை உண்டு. மெல்லிய கம்பியை முதலில் செருகி, சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே கருவியின் திரையில் சரிபார்த்து, அந்தக் கம்பியின் மேல் மணியைக் கோப்பதுபோல ஆணியைக் கோத்து இறக்குகிறார்கள். நெல்மணி நீளக் கீறல் போதும்.

இவ்வளவு அழகான ஆணி கையில் இருந்தால் எல்லோருக்கும் போடத் தோன்றும். பத்து வாரம் மாவுக்கட்டு எதற்கு என்று இளைஞர்களும் கேட்பார்கள். இதைத் தீர்த்துவைக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 31 மருத்துவமனைகளில் 439 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2020-இல் முடிவு வந்தது. இடுப்பு என்று சொல்லப்படும் நடுப்பகுதியில் முறிந்து, 2 மி.மீ.க்கு மேல் விலகாத படகெலும்புகள். ஒரு பாதிக்கு ஆணி, மறுபாதிக்கு மாவுக்கட்டு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மணிக்கட்டின் வலியிலும் வேலையிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. முதலில் கட்டு, ஒட்டாவிட்டால் தாமதிக்காமல் ஆணி என்பது அவர்கள் சொன்ன வழி. எனக்கு இது சரியாகவே படுகிறது. அறுவைக்கும் அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு, ஆணி சற்று நீண்டு மூட்டுக்குள் எட்டிப் பார்ப்பது உட்பட. விலகிய முறிவும், முன்கைப் பக்கத்து முனையில் விழுந்த முறிவும் வேறு விஷயம். அங்கே காத்திருக்க மாட்டார்கள்.

சுண்டுவிரலின் உள்ளங்கை எலும்புக்கும் இந்த நிதானம் பொருந்தும். கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்கள் உடைத்துக்கொள்வது இதன் கழுத்தைத்தான். படத்தில் கோரமாக வளைந்து தெரியும். ஆனால் சுண்டுவிரலின் அடிமூட்டு தாராளமாக ஆடும் என்பதால் 30, 40 டிகிரி வளைவைக்கூடக் கை பொறுத்துக்கொள்ளும், திரும்பாமல் மட்டும் இருந்தால். பெரும்பாலும் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிடலாம். அண்மைக் காலமாக முட்டி வழியாக எலும்பின் உட்குழலுக்குள் தலையில்லா ஆணியைச் செலுத்தும் முறை பரவிவருகிறது. சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு நல்லதுதான்.

கட்டைவிரலின் அடியில் மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. அங்கே மூட்டுக்குள் முறிந்தால் சின்னத் துண்டு பிணைநாரைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். மீதி எலும்பைத் தசைநாண் முன்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மாவுக்கட்டுக்குள்ளும் அந்த இழுபறி ஓயாது. கம்பியோ ஆணியோ போட்டே ஆக வேண்டும். டப்ளினின் எட்வர்ட் பென்னட் இதை விவரித்தது 1882-இல், எக்ஸ்ரே பிறப்பதற்குப் பதின்மூன்று வருடம் முன்பு, இறந்தவர்களின் எலும்புகளைக் கையில் வைத்துப் பார்த்து.

கண்டக்டரை ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தேன். அறுவை நடந்த நான்காம் நாளிலிருந்தே பிசியோதெரபிஸ்ட் விரலை ஆட்ட வைத்திருந்தார். வலியில் இருந்த கண்டக்டரிடம் முதல் வாரம் ஏகப்பட்ட வசவு வாங்கியதாக பிசியோதெரபிஸ்டே சொன்னார். ஆணிகளை எடுக்க வேண்டுமா என்பது கண்டக்டரின் முதல் கேள்வி. தொந்தரவு செய்யாவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்றார் மருத்துவர். நடுமூட்டு இன்னும் முழுசாக நீளவில்லை, ஒரு பத்து டிகிரி பாக்கி. மருத்துவர் தன் பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டுகள் நாலைந்தை எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் அவற்றை நீளவாக்கில் மடித்து மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி, கையைக் கவிழ்த்து உதறிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

"பிடி நல்லா இருக்கு சார்," என்று நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா இப்பல்லாம் பாதிப் பேரு ஃபோனைத்தான் நீட்டுறாங்க."